கும்மி நிற்கவில்லை

நாற்பது பெண்களை ஒரே நிறத்தில் சேலை எடுக்கச் சம்மதிக்க வைத்தவள் நான். அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை மேடம், நீங்களும் பெண்தான். ஒருத்திக்கு மாம்பழ மஞ்சள் வேண்டும், ஒருத்திக்கு மயில்கழுத்து நிறம் வேண்டும், இன்னொருத்திக்குத் தன் ஓரகத்தி எடுக்காத நிறம் எதுவானாலும் சரி. கடைசியில் அத்தனை பேரும் கிளிப்பச்சையில் வந்து நின்றபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

என் பெயர் சௌந்திரம். திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். வள்ளி கும்மி இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் பரவியபோது எங்கள் ஊரிலும் ஒரு குழு சேர்த்து, என்னைத் தலைவியாக்கினார்கள். பாட்டும் ஆட்டமும் சொல்லித்தர சின்னராஜ் வாத்தியார் வந்துவிடுவார். ஆட்களைக் கட்டி மேய்ப்பதுதான் என் பாடு.

அதையும் நான் ஏனோதானோ என்று செய்யவில்லை, படித்துச் செய்தேன். ஓமலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தலைமைப் பண்புகள் என்று ஒருநாள் பயிற்சி நடந்தது, போய் உட்கார்ந்தேன். கோட்டுப் போட்ட ஒரு தம்பி மைக்கோடு நடந்துகொண்டே சொன்னான்: எல்லோர் பேச்சையும் காது கொடுத்துக் கேளுங்கள், மனம்விட்டுப் பாராட்டுங்கள், எல்லோருக்கும் பொதுவாக ஓர் இலக்கு வையுங்கள். ஊருக்கு வந்து அப்படியே செய்தேன். காது கொடுத்துக் கேட்டதில் காதுதான் வலித்தது. ஒருத்தியைப் பாராட்டினால் மிச்சப்பேர் எல்லாம் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார்கள். முன்வரிசை யாருக்கு என்று தொடங்கிய சண்டை, எப்போதோ நடந்த காதுகுத்தில் யார் யாருக்கு இலை போடவில்லை என்பது வரைக்கும் போனது. இவர்களாவது அரங்கேற்றம் நடத்துவதாவது என்று ஊரில் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை மேடம்.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் பயிற்சியில் முத்தாயம்மாள் காலை மாற்றி வைத்தாள். தறி ஓட்டுகிறவள், என் வயதுதான், கணவன் இல்லை, ஒரே மகள் வித்யா கோயமுத்தூரில் வேலையில் இருக்கிறாள். எல்லோரும் இடப்பக்கம் திரும்ப இவள் மட்டும் வலப்பக்கம் திரும்பி, வாத்தியார் மேலேயே போய் மோதினாள். என் வாயில் தானாக வந்துவிட்டது.

“ஏ முத்தாயி, வாத்தியாரு என்ன உனக்கு முறைமாப்பிள்ளையா?”

அடேயப்பா, சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. வாத்தியாரும் மைக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் அவர்கள் சிரித்தது முறைமாப்பிள்ளைக்காக இல்லை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் ‘ங்க’ போடவில்லை. பேத்தியைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிடுகிற ஊர் எங்களுடையது. ஒரு வளர்ந்த பொம்பளையை நடுக்களத்தில் நிறுத்தி நீ, உனக்கு என்று சொன்னதில் எல்லோருக்கும் உடம்பெல்லாம் கூச்சம் எடுத்துவிட்டது.

கல்லூரிக்குப் போகிற ரஞ்சனிதான் முதலில் பிடித்துக்கொண்டாள். “இன்னொருக்கா மோதிராத முத்தாயி,” என்றாள். அம்மா வயசுக்காரியை. எல்லோரும் ஒரு நொடி வாயைப் பொத்தினார்கள், பிறகு மறுபடியும் சிரிப்பு. முன்வரிசைக்காக முடியைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டவர்கள் ஒருத்தி தோள்மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். அன்றைக்குக் கும்மி பிய்த்துக்கொண்டு போனது.

கோட்டுத் தம்பி சொல்லாமல் விட்டது இதைத்தான். ஒரு குழு ஒட்ட வேண்டும் என்றால் சேர்ந்து சிரிக்க ஓர் ஆள் வேண்டும்.

மறுநாள் அவள் தப்பே செய்யவில்லை. பயிற்சி சப்பென்று போனது, வீட்டுக்குப் போகும்போதே இரண்டு பேர் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். அதனால் அடுத்த நாள் அவளைத் தனியாக அழைத்து, “மூணாவது சுத்துல வாத்தியாரு ஆட்டத்த மாத்தீட்டாருங்க, ரெண்டு தட்டு தட்டீட்டுத் திரும்போணுமாமுங்க,” என்றேன். தனியாக இருக்கும்போது ‘ங்க’ போட்டுத்தான் பேசுவேன். நான் மரியாதை தெரியாதவள் இல்லை.

“நீங்க சொன்னாச் சரிதானுங்க சௌந்திரம்மா,” என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்றை அவளுக்கு மட்டும் மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன். அவள் தடுமாறுவாள், கூட்டம் கொல்லென்று சிரிக்கும். எங்களுக்குள் சண்டை என்ற பேச்சே இல்லாமல் போனது. பலகாரம் செய்தால் எல்லோருக்கும் கொண்டுவந்தார்கள், ஒருத்தி குழந்தையை இன்னொருத்தி தூக்கிக்கொண்டாள். பக்கத்து ஊர்த் தலைவிகள் வந்து எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். முத்தாயம்மாளும் சேர்ந்துதான் சிரித்தாள். “எல்லாரும் சந்தோசமா இருந்தாச் சரீங்க, எனக்கென்னுங்க,” என்பாள். அவளுக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது, அதை நான் கொடுத்தேன்.

பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆட்டத்துக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ‘நாடகம் ஆரம்பிச்சிருச்சு’ என்று ரஞ்சனி ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து அவள் உட்கார்ந்தாலே எல்லோரும் ஒன்றாக அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

நான்தான் அவளை ஸ்கூட்டியில் உட்காரவைத்து நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வேறு யாரும் போகவில்லை. தறிச் சத்தத்தில் அவளுக்குப் போன் கேட்காது என்று என் நம்பரைக் கொடுத்திருந்தோம். மறுநாள் டெஸ்ட் முடிவு வந்துவிட்டதென்று அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பாம். உடனே கூட்டிவந்து சேர்க்க வேண்டுமாம், அதுவரைக்கும் மாடிப்படிகூட ஏறக் கூடாதாம்.

அரங்கேற்றம் அந்த ஞாயிற்றுக்கிழமை. அவளை அனுப்பிவிட்டு நான் யாரை வைத்துக்கொள்வது? யோசிக்காமல் இல்லை, ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். ஒருத்தி அழுதுவிடுவாள், ஒருத்தியின் புருஷன் சண்டைக்கு வருவான், இன்னொருத்தி திருப்பிக் கேட்பாள். முத்தாயம்மாளைப் போல ஓர் ஆள் சட்டென்று கிடைக்காது.

“ஒண்ணுமில்லீங்களாமா, வாயுத்தொல்லைதானாமா. பூண்டு தின்னாச் சரியாப் போயிருமுன்னாங்க,” என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அப்பாடா, வயித்துல பால வார்த்தீங்க. நான் ஆடறதப் பாக்கோணுமுன்னு வித்யா லீவு போட்டுட்டு வாராளுங்க. எங்கெ ஆட முடியாமப் போயிருமோன்னு கெடந்தேன்.”

பூண்டை நானே உரித்து, தேன் விட்டு, அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அரங்கேற்றத்தன்று எங்கள் ஊர் மைதானத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். லைட்டும் மேளமும், சம்பந்தி சாதி சனமும், ஐஸ் வண்டியுமாக ஒரே கொண்டாட்டம். ஆனால் களத்தில் இறங்கும் நேரத்தில் எங்கள் பெண்கள் பயந்துபோய் ஒருத்தி பின்னால் ஒருத்தி ஒளிந்தார்கள். அப்போது பார்த்து முத்தாயம்மாள் என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“எடது கை மரத்துப் போவுதுங்க. நான் ஓரமா உக்காந்துக்கட்டுங்களா?”

நான் அவள் தோளைப் பிடித்து எங்கள் பெண்கள் பக்கம் திருப்பினேன். “நாடகம் ஆரம்பிச்சிருச்சு பாருங்க,” என்றேன். பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே களத்தில் இறங்கினார்கள், சிரித்துக்கொண்டே அவளையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அப்படி ஒரு கும்மியை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். எட்டி வைத்த காலெல்லாம் ஒரே கால், தட்டிய கையெல்லாம் ஒரே கை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாட்டு வேகமெடுத்தபோது முத்தாயம்மாள் மண்டியிட்டாள், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். ரஞ்சனி சிரித்துக்கொண்டே அவளைத் தாண்டிக் கால் வைத்தாள். பின்னால் வந்தவளும் தாண்டினாள். வித்யா கூட்டத்திலிருந்து “அம்மா, அம்மா” என்று ஓடிவந்தாள், சுற்றிக்கொண்டிருந்த வட்டம் அவளை உள்ளே விடவில்லை. புகுந்து பார்த்தாள், இடித்துத் தள்ளிவிட்டார்கள். வாத்தியார் பாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கையைச் சுழற்றிக் காட்டினேன், பாடுங்கள் என்று. அவர் பாடினார். பாட்டு முடிகிறவரைக்கும் ஒருத்தி காலும் தப்பவில்லை.

முடிந்த பிறகு தூக்கிப் பார்த்தோம். உயிர் இல்லை.

எனக்குப் போன் செய்ததை ஆஸ்பத்திரிக்காரர்கள் வித்யாவிடம் சொல்லிவிட்டார்களாம். போன் வந்தது உண்மை. மறைத்தது நான், பூண்டு கொடுத்தது நான், கையைக் காட்டியதும் நான். மற்றவர்கள்மேல் எதையும் எழுதாதீர்கள், பொறுப்பு தலைவியுடையது. முத்தாயம்மாள் செத்துப்போவாள் என்று தெரியுமா என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியும். அரங்கேற்றம் முடிந்த பிறகு சாவாள் என்று நினைத்தேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே என்ன சத்தம் மேடம்? கொஞ்சம் எட்டிப் பாருங்கள். எங்கள் பெண்களா? ஒருத்தி பாக்கி இல்லாமலா? என்னையா திட்டுகிறார்கள், அத்தனை பேருமா?

அப்படியென்றால் குழு உடைந்துவிடும் என்று நான் கவலைப்பட்டது வீண். இனி அவர்களுக்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை.