கசக்காத மாத்திரை

என் தங்கைக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட ஆள் வந்தால் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் டாக்டருக்குப் படித்த பிறகுதான் அதற்கு ஒரு வழி பிறந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் என்னிடம் நீட்டுவாள். "எடுத்துட்டியா, அண்ணா?" என்று அவள் கேட்கும்போது நான் எடுத்து முடித்துப் பஞ்சும் வைத்திருப்பேன். "உன் கைதான் எனக்குச் சரிப்படும்" என்பாள். வேறு யாரிடமும் அவள் கை நீட்டியதில்லை. நீங்கள் கேட்கப்போகும் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இது என்பதால் முதலில் சொல்கிறேன்.

நான் எச்.ஐ.வி.க்கு வைத்தியம் பார்க்க வந்தபோது அதற்கு மருந்தே கிடையாது. எங்கள் வார்டு ஆஸ்பத்திரியின் கடைசியில், பிணவறைக்குப் பக்கத்தில் இருந்தது. சாப்பாட்டுத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடுவார்கள். பெற்ற தாயே ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவாள். நான் அவர்கள் கட்டிலில் உட்கார்ந்து நாடி பார்த்தேன். செத்தவர்களைத் துணியில் சுற்ற ஆள் வராதபோது நானும் ஒரு நர்ஸம்மாவும் சுற்றினோம். பிறகு மருந்து வந்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். அவர்களே என்னிடம் வந்து, "டாக்டர், தொப்பை போடுது" என்று குறைபட்டுக்கொண்டார்கள். அந்தக் குறையைக் காது குளிரக் கேட்டவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இந்தக் கிருமியைப் பற்றி எனக்குத் தெரியாமல் மிச்சமிருந்தது ஒன்றுதான். உடம்புக்குள் நுழைந்த முதல் சில நாட்களில் அது என்ன செய்கிறது? நோயாளி எங்களிடம் வந்து சேரும்போது அந்த நாட்கள் எப்போதோ போயிருக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் நோய் வருவதற்கு முன்னாலிருந்தே ஒருவருடைய இரத்தம் வாராவாரம் வேண்டும். முயற்சி செய்யாமல் இல்லை. பெயர் கொடுத்தவர்கள் இரண்டு வாரம் வருவார்கள். மூன்றாவது வாரம் மழை, அதற்கடுத்த வாரம் மாமியாருக்கு முட்டி வலி. மாநாடுகளில் என் பேச்சு முடிந்ததும் யாராவது எழுந்து, "நடுவுல இவ்வளவு இடைவெளி இருக்கே, டாக்டர்?" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்காருவேன். அது எனக்கு மிகவும் வலித்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். என் தங்கையின் கணவர், லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். "எங்க மச்சான் சிரிக்கணும்னா தனியா ஃபீஸ் கட்டணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேலி பேசும் மனிதர். அன்று நோயாளிகள் எல்லாரும் போகும்வரை வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கடையில் வேலை செய்யும் ஒருவருக்காக இரத்தம் கொடுக்கப் போன இடத்தில் தனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்திருக்கிறது.

"வெளியூர் போன இடத்துல புத்தி கெட்டுப் பண்ணின தப்பு, மச்சான். அவகிட்ட சொல்லிடாதீங்க, உயிரையே விட்டுடுவா. ஆனா அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. நீங்க என்ன சொன்னாலும் கேக்குறேன்."

எந்த நல்ல டாக்டரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். தினமும் ஒரு மாத்திரை, ஒருநாளும் விடக்கூடாது. சில மாதங்களில் இரத்தத்தில் கிருமி இருக்கும் இடமே தெரியாது, அதன் பிறகு மனைவிக்குத் தொற்றாது, குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். அதுவரை ஜாக்கிரதை. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அலமாரியைத் திறந்து ஒரு பாட்டில் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

தங்கையைக் கூப்பிட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. "குழந்தை வேணும்னு சொல்றே, உடம்புல இரும்புச் சத்தே இல்லையே. வாரம் ஒரு தடவை வந்து டெஸ்டுக்கு இரத்தம் குடுத்துட்டுப் போ" என்றேன். அவள் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக் கதையெல்லாம் சொல்வாள். "உன் மாப்பிள்ளை இப்பல்லாம் மாத்திரை பாட்டிலும் கையுமா இருக்காரு. கேட்டா சத்து மாத்திரையாம். கிழவனாயிட்டாரு, அண்ணா" என்று சிரிப்பாள். அவள் போன பிறகு நான் டியூபை ஃப்ரீசரில் அதன் இடத்தில் வைப்பேன். அத்தனை ஒழுங்கான வரிசையை என் ஆய்வகம் அதற்கு முன் கண்டதில்லை.

நான் சொன்ன மாதங்கள் முடிந்ததும் மாப்பிள்ளை வந்தார். அவரும் சொன்ன சொல் தவறாத மனிதர்தான்.

"மச்சான், இனிமே பயமில்லையே?"

"பயமில்ல மாப்பிள்ளை" என்றேன்.

ஒரு வாரம் அவள் காய்ச்சலும் தொண்டை வலியுமாக வந்தாள். அன்று எடுத்த இரத்தத்தில் அது இருந்தது. முந்தின வாரத்து டியூபில் இல்லை. ஆய்வகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன அழுகை என்று நீங்கள் கேட்டால் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியாது. கிருமி இரத்தத்தில் எப்படிப் பெருகி ஏறுகிறது என்று பார்க்காமல் பாதியில் நிறுத்தினால் அதுவரை எடுத்ததெல்லாம் வீண். அதனால் உடனே மருந்தை ஆரம்பிக்கவில்லை. சில வாரங்கள் காய்ச்சல் மாத்திரை மட்டும் கொடுத்தேன்.

அதன் பிறகு நானே அவளை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். நல்ல மருந்தாக ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் பாட்டிலையும் மாற்றினேன். அவர் சுவரில் தலையை மோதிக்கொண்டார். "ஒருநாள்கூட விடலையே மச்சான், ஒருநாள்கூட விடலையே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆயிடும், மாப்பிள்ளை" என்று தேற்றினேன். அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான்தான் நடுவில் உட்கார்ந்து இருவரையும் சமாதானம் செய்து வைத்தேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி பாட்டில் விஷயம். சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு ஆராய்ச்சிக்காக மருந்தில்லாத மாத்திரைகள் செய்திருந்தோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு இது, யாருக்கு எது என்று தெரியக்கூடாது. நிறம், அளவு, வழவழப்பு எல்லாம் அச்சு அசலாக அமைந்தது, கசப்பு மட்டும் அமையவில்லை. கடித்துப் பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆராய்ச்சி பாழாகிவிட்டது. அந்தப் பாட்டில்கள் என் அலமாரியில் தங்கிவிட்டன. மாப்பிள்ளை மாத்திரையைக் கடிக்கிறவர் அல்ல, தண்ணீரோடு ஒரே மடக்கில் விழுங்குவார். அதைக் கவனித்துத்தான் கொடுத்தேன்.

என் தங்கை கடிப்பாள். அவளுக்கு முழு மாத்திரை தொண்டையில் இறங்காது. அதை நான் மறந்துவிட்டேன். அவர்கள் ஒரு பயணம் போனபோது அவள் தன் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டாள். அவருடைய பழைய பையின் அடியில் மறந்துபோன பாட்டில் ஒன்று கிடந்திருக்கிறது. அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, என் மாத்திரை நாக்குல பட்டாலே குமட்டும். அவரோட பழைய மாத்திரை பாக்க அதே மாதிரிதான் இருக்கு. ஆனா கசக்கவே இல்லையே, ஏன்?"

"மேல்பூச்சு வேற மாதிரி இருக்கும்மா" என்றேன்.

"சரி, அண்ணா" என்றாள். அவள் என்னிடம் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பாட்டிலை இன்னொரு டாக்டரிடம் கொண்டுபோனாள். அங்கிருந்துதான் அது உங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது.

ஒப்புக்கொள்கிறேனா என்று கேட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு மருந்து என்று சொல்லி வெறும் மாவைக் கொடுத்தேன். கிருமி அவர் இரத்தத்தில் குறையவே இல்லை என்று தெரிந்தும் பயமில்லை என்றேன். என் தங்கைக்கு அது வரட்டும் என்று காத்திருந்தேன், வந்த பிறகும் கை கட்டிக்கொண்டு பார்த்தேன். ஆனால் நான் யாருக்கும் கிருமியை ஏற்றவில்லை. அந்த டியூப்களால் நாளைக்கு எத்தனையோ பேர் பிழைப்பார்கள். அவளுக்குத்தான் என்ன குறை? மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் முழு ஆயுசும் இருப்பாள். வேறு யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் அவளை இந்த அளவுக்கு யார் கவனித்திருப்பார்கள்? நான் பார்த்துக்கொள்வேன் என்றுதான் என் தங்கையையே தேர்ந்தெடுத்தேன்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அந்த வரிசையில் கடைசி டியூப் ஒன்று பாக்கி. அவளை வரச் சொல்லுங்கள், நானே எடுத்துத் தருகிறேன். வேறு யாராவது ஊசியோடு பக்கத்தில் போனால் குழந்தை மாதிரி நடுங்கிப்போவாள்.

இன்று காலை கீழ்த்தளத்தில் அவள் இரத்தம் கொடுத்தாள் என்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒரு நர்ஸிடம் கையை நீட்டினாள், முகத்தைத் திருப்பவில்லை, டியூப் நிறையும்வரை ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்கிறீர்கள். நீங்கள் வேறு யாரையோ பார்த்திருக்கிறீர்கள். மறுபடி விசாரித்துப் பாருங்கள். என் தங்கையை எனக்குத் தெரியாதா? அவளுக்கு ஊசி என்றால் பயம்.