சட்டைப்பை இரைச்சல்

“என் சிப் கத்தல அண்ணே, உங்க பாக்கெட்டுதான் கத்துச்சு.”

வேலை கேட்டுப் போன இடத்தில் இல்லையென்று சொல்லிவிட்டதால், சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ரயில் ஏறியிருந்தேன். பக்கத்தில் ஓர் இளம்பெண்ணும் நரைத்த தாடிக்காரரும். இருவர் கழுத்திலும் ஒரே அலுவலக அட்டை.

“என் ஆம்ப்ளிஃபையர் சிப்புல இரைச்சல் ஜாஸ்தின்னு ரிப்போர்ட் எழுதிட்டீங்க. இன்னைக்கு நான் டெஸ்ட் பண்றப்ப இரைச்சலே இல்ல. நீங்க பாக்கெட்டுல போனோட உள்ள வந்தீங்க, வந்துச்சு. டீ குடிக்கப் போனீங்க, போயிடுச்சு.”

“போன் எல்லாரும்தான் வச்சிருக்காங்க லா.”

“டெஸ்ட் ரூமுக்குள்ள போன் கொண்டு வராதீங்கன்னு கதவுல நோட்டீஸ் ஒட்டினது யாரு?”

அவர் தாடியைத் தடவினார். “நான்தான்.”

“லேசான சிக்னலையும் கேக்கணும்னு ஒரு வருஷம் உக்காந்து செஞ்சது. உங்க ரிப்போர்ட்டைப் பாத்து நாளைக்கு மீட்டிங்ல என் சிப்பையே தூக்கிடுவாங்க. உங்க போன்தான் காரணம்னு இப்பவே மெயில் போடுங்க.”

அவர் போனை எடுத்துத் தட்டினார். ரயில் நிலையத்தை விட்டுச் சுரங்கத்துக்குள் போனது.

“சிக்னல் இல்லம்மா.”

“என் சிப் அதுல இருந்தா கிடைச்சிருக்கும். மெயில் போற வரைக்கும் பாக்கெட்டுல வைக்காதீங்க.”

அடுத்த நிலையம் வரை அவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.