பதினேழாம் நம்பர் போன்

வேணாம் மேடம், காபி வேணாம். நீங்க குடிங்க. நாலு மணிக்கு எங்க டீம் லீடர் டேரில் அண்ணாவுக்கு வேலைய விட்டு நிறுத்தற லெட்டர் குடுக்கறீங்கன்னு கீழ ரிசப்ஷன்ல பேசிக்கினாங்க. இப்ப மூணு முப்பத்தஞ்சு. அதுக்குள்ள சொல்லி முடிச்சுடுவேன். நடுவுல நிறுத்தினா எனக்குக் கோவம் வரும், கோவம் வந்தா எங்க விட்டேன்னு மறந்துடும். அதனால கொஞ்சம் கேளுங்க.

இல்ல, அவரு அனுப்பல. அவரு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு, நான் உள்ள வந்ததே அவருக்குத் தெரியாது. நானா வந்தேன். பேரு தர்ஷினி. பஸ் டீம். பதினெட்டு முடிஞ்சிடுச்சு, ஆதார் குடுத்திருக்கேன், பாத்துக்கோங்க. படிப்பா? செகண்ட் பியூசி, அதான் பன்னெண்டாவது, பாதியில விட்டேன். ஆமா, விட்டேன். இத ஏன் எல்லாரும் ரெண்டு ரெண்டு தடவ கேக்கறீங்க?

நாங்க பஸ்ல இன்னா பண்றோம்னு உங்களுக்குத் தெரியுமா? இல்ல, ரிப்போர்ட்ல இருக்கறது வேற. காலையில ஒம்போதரைக்கு சிவாஜிநகர்ல ஏறுவோம். ஆறு பேரு, ஆறு போனு. நம்ம கம்பெனி கடைக்கு இன்னும் விடாத போனு. யாரும் பாத்து கண்டுபுடிக்கக் கூடாதுன்னு செங்கல் மாதிரி ஒரு கறுப்பு கவருக்குள்ள போட்டு வெச்சிருப்பீங்க, பின்னாடி நம்பர் ஒட்டிருக்கும், அதே நம்பர் திரை ஓரத்துலயும் லேசா இருக்கும். கண்டக்டர் விசில், ஹாரன், கூட்டம், எல்லாத்துக்கும் நடுவுல அந்தச் செங்கல்ல பாத்து நாங்க பேசிக்கினே இருக்கணும். பேசறது திரையில எழுத்தா வரும். தமிழ் எழுத்துல. அதுவும் நம்ம பெங்களூர்த் தமிழு மேடம். பாதி கன்னடம், கொஞ்சம் உருது, இங்கிலீஷு, எங்க ஏரியா மர்பி டவுன்ல எப்படிப் பேசறோமோ அப்படியே. புது சாஃப்ட்வேர்ல அதான் விசேஷம்னு டேரில் அண்ணா சொன்னாரு. இப்ப இருக்கற போனுங்க நியூஸ் வாசிக்கற மாதிரி பேசினாத்தான் எழுதும். நான் பேசினா கண்டதையும் எழுதும். டிரை பண்ணி, வீட்ல படிக்கச் சொல்லிப் பாத்துட்டுதான் சொல்றேன்.

ஒரு நாளு பக்கத்து சீட்டு அக்கா கேட்டாங்க, யாரும்மா அந்தப் பையன், காலையிலருந்து விடாம பேசறியேன்னு. பையன் இல்லக்கா, செங்கல்னேன். எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். போன செவ்வாக்கிழமை அந்தப் போனோட போட்டோ நெட்டுல வெளிய வந்துச்சு. கவரு இல்லாம, முழுத் திரையும் தெரியற மாதிரி. திரையில ஒரு ஓரத்துல லேசா பதினேழுன்னு நம்பர் தெரியுது. பதினேழு எங்க டீமோடது. ரிஜிஸ்டர்ல கையெழுத்து டேரில் அண்ணாவோடது. அவ்ளோதான், அவரு காசு வாங்கிக்கினு வித்துட்டாருன்னு முடிவு பண்ணிட்டீங்க. நீங்க பண்ணலன்னா உங்க மேல இருக்கறவங்க பண்ணிட்டாங்க.

அந்தப் போட்டோ வந்ததுலருந்து ஊர்ல பேசற பேச்சு கேக்கணும் நீங்க. முன்னாடி கேமரா ஓட்டையே காணோம், கண்ணாடிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு ஒருத்தன் சிவப்பு வட்டம் போட்டு அரை மணி நேரம் வீடியோ விட்டான். எட்டு நிமிஷத்துல சார்ஜ் ஆகுமாம். பழைய போனுங்கல்லாம் இந்த சாஃப்ட்வேர் வந்த அன்னிக்கே ஸ்லோ ஆயிடுமாம். எங்க தெருமுனையில ரீசார்ஜ் கடை வெச்சிருக்கற மௌரீன் ஆன்ட்டி, யாரு போன் வாங்க வந்தாலும் இப்ப வாங்காத, அது வரட்டும்னு திருப்பி அனுப்பறாங்க. கடை வெச்சிக்கினு இப்படிச் சொல்ற ஆள எங்கயாவது பாத்திருக்கீங்களா? பன்னெண்டாம் தேதி வருதுன்றான் ஒருத்தன். இல்ல, தசரா தாண்டித்தான்றான் இன்னொருத்தன்.

நானும் அதெல்லாம் ஒண்ணு விடாம பாத்தேன். ராத்திரி பகல் அதே வேலை. மத்தவங்களுக்கு போன் வாங்கணும், அதனால பாக்கறாங்க. எனக்கு அது சீக்கிரம் கடைக்கு வந்துடணும். வந்துட்டா ஊருக்கே தெரிஞ்ச போனு ஆயிடும், அப்புறம் பழைய போட்டோவ வெச்சிக்கினு யாரு கேள்வி கேப்பாங்க? பன்னெண்டாம் தேதி வந்துடும், டேரில் அண்ணாவ விட்டுடுவாங்கன்னு நம்பினேன். நேத்து காலையில லான்ச்ச தள்ளி வெச்சுட்டாங்கன்னு ஒரு சேனல்ல போட்டான். நிஜமா பொய்யான்னு தெரியல.

இல்ல மேடம், சுத்தி வளைக்கல. வரேன்.

டேரில் அண்ணா உங்ககிட்ட இன்னா எழுதிக் குடுத்தாரு? தினம் மத்தியானம் ஒரு மணிக்கு ஆறு போனும் பெட்டியில இருந்துச்சு, நானே எண்ணினேன்னு. அதத்தான பொய்யின்னு சொல்றீங்க? பொய் இல்ல. அவரு எண்ணினாரு. தினம் எண்ணுவாரு. அல்சூர்ல மெஸ்ஸுக்கு முன்னாடி நின்னு, இரும்புப் பெட்டியத் தொறந்து, ஒவ்வொருத்தரா வந்து வைங்கன்னு சொல்லி, வெரல் வெச்சு எண்ணி, பூட்டுவாரு. பூட்டிட்டு பெட்டிய மடியில வெச்சிக்கினு ஒத்தக் கையால சாப்பிடுவாரு. சாம்பார் ஊத்தறவன் ஒரு நாளு, அண்ணா கீழ வைங்க, யாரும் தூக்கிக்கினு போவ மாட்டாங்கன்னான். இது என் வேலை, உன் வேலை சாம்பாருன்னாரு. அடுத்த மாசம் அவருக்கு பர்மனெண்ட். ஒம்போது வருஷம் கான்ட்ராக்ட்டுலயே ஓட்டிட்டு இப்பதான் வருது. அது உங்களுக்கும் தெரியும்.

நேத்து சாயங்காலம் எங்க ஆறு பேரையும் நிக்க வெச்சாரு. யாராவது தெரியாம பண்ணிருந்தா எங்கிட்ட சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்னாரு. ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துக் கேட்டாரு. எங்கிட்ட வந்ததும் கேக்கல. தாண்டிப் போயிட்டாரு. அவ வாய் சும்மா இருக்காது, பண்ணிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பான்னு பக்கத்துல இருந்தவன்கிட்ட சொல்லிட்டுப் போறாரு.

கேட்டிருந்தா சொல்லிருப்பேன் மேடம். கேக்கல. ராத்திரி ஃபுல்லா தூங்கல.

பெட்டியில ஆறு கவரு இருந்துச்சு. ஆறு போனு இல்ல. பதினேழாம் நம்பர் கவருக்குள்ள இருந்தது என் சொந்த போனு. கொஞ்சம் சின்னது, ஆடிச்சு, கர்ச்சீப்ப மடிச்சு சொருகினேன். சாப்பாடு முடிஞ்சு கவரு கைக்கு வந்ததும் திருப்பி மாத்திட்டேன். அவரு எண்ணினது கவர. கவரத் தொறக்கக் கூடாதுன்றது நீங்க போட்ட ரூலுதான், அவரும் தொறக்க மாட்டாரு. ரூலு படி நடந்ததாலதான் இன்னிக்கு வெளிய உக்காந்திருக்காரு. எழுதிக்கோங்க, மெதுவா சொல்றேன்.

யாருக்கும் விக்கல. வீட்டுக்கு எடுத்துக்கினு போனேன். மெஸ்லருந்து எங்க வீடு நடந்தா எட்டு நிமிஷம், ஓடினா நாலு. ஓடினேன்.

எங்க அம்மாவுக்குக் காது கேக்காது. பிரஸ் ஷாப்ல பதினாலு வருஷம் தகடு வெட்டின மெஷின் சத்தத்துல போச்சு. நாலு வருஷம் ஆவுது. காதுல வைக்கற மெஷின் வாங்கிப் பாத்தோம், இரைச்சல் மட்டும் பெருசா கேக்குதுன்னு கழட்டி அலமாரியில வெச்சிடுச்சு. கத்தினா கொஞ்சம் புரியும். நல்லாக் கத்தணும், தொண்டை கிழியற மாதிரி. வரிசை வீடு மேடம், செவுரு ஒண்ணு, வீடு ரெண்டு. நான் அம்மாகிட்ட பால் வாங்கினியான்னு கேட்டா, பக்கத்து வீட்டு சேஷகிரி அங்கிள் வாங்கிட்டாங்கம்மான்னு பதில் சொல்லுவாரு. பால் சமாச்சாரம்னா பரவாயில்ல. மனசுல இருக்கறத எப்படிக் கத்தறது?

எழுதிக் காட்டலாமேன்றீங்க. எல்லாரும் அதான் சொல்றாங்க. அம்மா இங்க தமிழ் ஸ்கூல்ல ஏழாவது படிச்சுது, தமிழ் மட்டும்தான் படிக்கும். நான் கன்னட மீடியம். எனக்குக் கன்னடம் வரும், இங்கிலீஷு வரும், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. பேசறது ரெண்டு பேரும் ஒரே பாஷை. ஆனா நான் எழுதினா அம்மாவுக்குப் புரியாது, அம்மா எழுதினா எனக்குப் புரியாது. வேற யாரையாவது எழுதிக் குடுக்கச் சொல்லலாம். அப்ப அவங்களுக்கு முதல்ல சொல்லணுமே. அத வேற யாருக்கும் சொல்ல எனக்கு இஷ்டமில்ல.

இப்ப புரியுதா, மூணு மாசமா தினம் காலையிலருந்து அந்தத் திரைய பாத்துப் பேசினவளுக்கு எப்படி இருந்திருக்கும்னு? எனக்கு வேண்டியது என் கையிலயே இருக்கு. மத்தியானம் ஆனா பெட்டிக்குப் போயிடுது. கடைக்கு எப்ப வரும்னு தெரியாது. வந்தாலும் எங்களால வாங்க முடியுமா? அதுக்குள்ள, முதல்ல இந்தில மட்டும்தான் விடுவாங்க, தமிழ் அடுத்த வருஷம்னு ஒரு வதந்தி. அத படிச்ச அன்னிக்குத்தான் கவர மாத்தினேன்.

அம்மா அரிசி களைஞ்சிக்கினு இருந்துச்சு. கையப் புடிச்சு உக்கார வெச்சு, போன முன்னாடி நீட்டி, மெதுவா பேசினேன். சேஷகிரி அங்கிளுக்குக் கேக்காத அளவுக்கு. அம்மா வெரல் வெச்சுப் படிச்சுது. நிமிந்து என்னப் பாத்துச்சு. திரும்பப் படிச்சுது. அப்புறம் அதுவும் ஒண்ணு சொல்லுச்சு, அதையும் போன் எழுதிடுச்சு. அடுத்து பேசினா முன்னாடி எழுதினது மேல போயி மறைஞ்சிடும் இல்ல? அம்மா என் வாயப் பொத்துச்சு. பேசாத, இரு, போயிடும்னு சொல்லிட்டு, அதோட சொந்த போன எடுத்து திரைய போட்டோ புடிச்சுக்கிச்சு. வெச்சிக்கணுமாம்.

நான் தடுத்திருக்கணும். போன வெளிய காட்ட மாட்டேன்னு பதினோரு பக்கத்துல கையெழுத்து போட்டவ நானு, அம்மா இல்ல. தடுக்கல. அது என் தப்பு. அம்மா சந்தோஷத்துல அத ஒக்கலிபுரத்துல இருக்கற பெரியம்மாவுக்கு அனுப்பிடுச்சு. பெரியம்மா பையன் மஞ்சுநாத் ஒரு போன் பைத்தியம். எழுத்த எங்க படிச்சான், கேமரா ஓட்டை இல்லாததத்தான் பாத்தான். குரூப்புல போட்டான். குரூப்புலருந்து சேனலுக்கு. சேனல்காரன் திரையில இருந்த எழுத்து மேல அவன் பேர பெருசா ஒட்டிக்கினான். அதனாலதான் உங்க கைக்கு வந்ததுல அந்த எழுத்து இல்ல.

இது அம்மாவோட போனு. ஒட்டு வேலைன்னு சொல்லிடக் கூடாதுன்னு எடுத்துக்கினு வந்தேன். தேதி, மணி எல்லாம் இருக்கும், பாருங்க. செவ்வாக்கிழமைக்கு முந்தின வெள்ளி, ஒண்ணு இருவது. அந்நேரம் டேரில் அண்ணா மெஸ்ல மடியில பெட்டியோட இருந்தாரு. சாம்பார் ஊத்தறவனக் கேளுங்க.

நீங்க சென்னைதான? தமிழ் படிப்பீங்கல்ல? அப்ப எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. நான் சொன்னத போன் சரியா எழுதிச்சான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அம்மாவுக்குக் காது போச்சு, வேலைய விட்டு நிறுத்தினாங்க, அப்புறம் நான் காலேஜ விட்டேன். மூணையும் சேத்து முடிச்சு போட்டுக்கினு, என்னாலதான் புள்ள படிப்பு போச்சுன்னு ஒரு வருஷமா அழுதுக்கினு இருந்துச்சு. அதுக்குத்தான் சொன்னேன். வாய் விட்டுப் படிங்க.

ம். ஆமா. நான் படிப்ப விட்டது உன்னால இல்லம்மா, எனக்குப் புடிக்கல, அதான் விட்டேன், நீ அழாத. அப்படியேவா இருக்கு? ஒரு வார்த்தை கூட மாறலயா?

கீழ இருக்கறது நான் இல்ல, அது அம்மா சொன்னது. அதையும் படிச்சுட்டீங்களா? ஆமா, இவ்ளோ நாளா நீ என்னத் திட்டிக்கினே இருக்கன்னு நெனச்சேண்டின்னு சொல்லுச்சு. கத்திப் பேசினா மூஞ்சி அப்படித்தான் இருக்கும் போல. நாலு வருஷமா எனக்கு யாரும் சொல்லல.

மூணு அம்பது ஆயிடுச்சு மேடம். என் பேட்ஜ் மேசை மேல வெச்சிட்டேன். அவர உள்ள கூப்பிடுங்க. சேர் இது ஒண்ணுதான் இருக்கு, நான் எழுந்துக்கறேன்.