முனி ஓட்டத்தில் ஒரு வாடகை அறை

வாடகைக்கு விடுகிற அறைக்குள் தண்ணீர்க் குழாய் வைக்காதீர்கள் சார், வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் சொட்டுகிறது, கசிகிறது என்று ஞாயிற்றுக்கிழமைகூட வந்து கதவைத் தட்டுவார்கள். பதுளையில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டப்போவதாகச் சொன்னீர்களே, அதற்காகச் சொல்கிறேன். இதை வாக்குமூலத்தில் எழுத வேண்டாம், வேறு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கல் விஷயத்துக்கும் வருகிறேன். அதற்குத்தானே என்னைப் பொலிசுக்குக் கூப்பிட்டீர்கள்.

என் பெயர் இராக்கம்மா. வயது அறுபத்திரண்டு. முகவரி இலக்கம் 47/2, பசறை. அந்த இலக்கத்தை மட்டும் பிழையில்லாமல் எழுதுங்கள் ஹஸீப் சார். நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றையறை வரிசை வீட்டில் பிறந்து, குவைத்தில் பதினாறு வருஷம் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்து வாங்கிய இலக்கம் அது. ஐம்பது வயதில்தான் என் பெயர் போட்ட ஒரு கடிதம் என் சொந்த வாசலுக்கு வந்தது. கரண்ட் பில்தான். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

அறை பார்க்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், செருப்பைப் பாருங்கள். வாசலில் ஜோடி சேர்த்து, வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறவர்கள் தொல்லை தரமாட்டார்கள். நிரஞ்சலா அப்படித்தான் வைத்தாள். மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளை. பட்டம் முடித்துவிட்டு இங்கே ஒரு பாலர் பாடசாலையில் வேலை பார்த்தாள். ஒன்றரை வருஷம் என் பின்னறையில் இருந்தாள். வாடகைக்காக நான் ஒருநாளும் வாய் திறக்க வேண்டி வரவில்லை. என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவள்மேல் எனக்குக் கோபம் என்று எழுதிவிடாதீர்கள், கோபமே இல்லை.

ஒருநாள் ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் எழுதி என்னிடம் காட்டினாள்.

"பெரியம்மா, நம்ம வீட்டு நம்பரப் போட்டிருக்கேன். லயத்துக்குப் போட்டா கடிதம் தோட்ட ஆபீசுல கெடந்து, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பேர் கூப்பிடுறப்பதான் கைக்கு வரும். போன தடவ இன்டர்வியூ முடிஞ்சு ஒம்பது நாள் கழிச்சுதான் எனக்குக் கெடச்சுச்சு."

நம்ம வீட்டு நம்பர் என்றாள். அந்த 'நம்ம' என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இதையும் குறித்துக்கொள்ளுங்கள் சார். குடியிருப்பவர் பெயருக்கு உங்கள் முகவரியில் கடிதம் வரவிடாதீர்கள். இன்றைக்குக் கடிதம் வரும், நாளைக்கு வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறும், பிறகு உங்கள் வீட்டுக்கே நீங்கள் வழக்குப் பேச வேண்டும். எனக்கு அப்படி நடந்ததில்லை. நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அவளைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தைலம் தேய்த்துவிட்ட பிள்ளை அல்லவா, நானும் மனுஷிதானே. அதனால் அந்த வேலையை முனியிடம் ஒப்படைத்தேன்.

உங்கள் ஆட்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். முனியாண்டி சாமி காவலுக்குப் போய் வருகிற பாதையை முனி ஓட்டம் என்போம். அதற்குக் குறுக்கே யாரும் படுக்கக் கூடாது, படுத்தால் காரியம் எதுவும் கைகூடாது என்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. என் அம்மி உடைந்துபோய் அரைக்கிற குழவி மட்டும் சும்மா கிடந்தது. அவள் அறைக்குப் பக்கத்துக் கொய்யா மரத்தடியில் குழி வெட்டி அதை நட்டேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தையும் அறுத்து வைத்தேன். நட்டுப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது.

"புள்ள, மண்ணு வெட்டுறப்ப சாமி வந்துட்டாரு. உன் கட்டில் அவர் பாதைக்குக் குறுக்க கெடக்கு" என்றேன்.

படித்த பெண், சிரித்தாள். மடுல்சீமையிலிருந்து வந்த அவள் அம்மா சிரிக்கவில்லை. கல்லைக் கண்டதும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். அன்று பின்னேர பஸ்ஸில் சாமான் எல்லாம் ஏறிவிட்டது. போகும்போது நிரஞ்சலா அழுதாள். நானும் அழுதேன், நிஜமாகவே அழுதேன்.

பன்னிரண்டாம் நாள் தபால்காரர் வந்தார். "நிரஞ்சலா இருக்காவா? பதிவுத் தபால். இன்டர்வியூக் கடிதம் போல" என்றார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திருப்பி அனுப்பினால், இந்த முகவரியில் ஆள் இல்லை என்று உறையில் எழுதுவார்கள். என் இலக்கத்துக்கு அப்படி ஒரு கெட்ட பெயர் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஆனால் வந்துவிட்டது என்று சொன்னால், அது அவளுடைய முகவரிதான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

நான் எதிர்பார்க்காதது அக்கம்பக்கத்து பக்தியை. மரக்கறிக் கடை சதீஸ்குமார் கல்லைப் பார்த்தார். மறுவாரம் தகரக் கூரை போட்டார்கள், அதற்கடுத்த வாரம் கோயில் கமிட்டி வைத்துத் தலைவரும் ஆகிவிட்டார். சாமிக்கு எரிகிற பல்புக்கு என் மீட்டரிலிருந்துதான் கரண்ட். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது வெள்ளிக்கிழமைகள். இரண்டு பஸ் மாறி நிரஞ்சலா விளக்கேற்ற வந்தாள்.

"சாமி கோவத்துலதான் பெரியம்மா கடிதம் வரமாட்டேங்குது. ஒன்றர வருஷம் குறுக்க படுத்துட்டேன்ல" என்றாள்.

நான் இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். ஐந்து வெள்ளிக்கிழமை வந்தாள், ஐந்து தடவையும் கொடுத்தேன். அதில் குறை சொல்ல முடியாது.

ஆறாவது வெள்ளிக்கிழமை வெறுங்காலோடு வந்தாள். கடிதம் வரும்வரை செருப்புப் போடுவதில்லை என்று நேர்த்தி வைத்திருக்கிறாளாம். குதிகால் வெடித்து, மண் அப்பியிருந்தது. வாசலில் வழக்கமாகச் செருப்பு வைக்கிற இடத்தை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தேன். மறுநாள் காலையில் கல்லைப் பிடுங்கிவிட்டேன். கல் இல்லையென்றால் அந்தப் பிள்ளை இவ்வளவு தூரம் கால் நோக வரவேண்டியதில்லை அல்லவா?

சாமியைத் திருடிவிட்டதாகச் சதீஸ்குமார் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். திருட்டு என்று எழுதினால் அது பொய். குழவி என்னுடையது. நட்டதும் நான்தான், பிடுங்கியதும் நான்தான். எங்கே கேட்டாலும் இதைச் சொல்வேன்.

இப்போது அது என் குசினியில் சுவர்த் தட்டில் இருக்கிறது. மிளகாய் அரைக்கலாம் என்று புது அம்மிகூட வாங்கினேன், கை வரவில்லை. முனிக்குப் பயந்து அல்ல, மஞ்சள் இன்னும் போகவில்லை. கடிதமும் அங்கேதான் இருக்கிறது. காற்றில் பறந்துவிடக் கூடாது என்று அதன்மேல் குழவியைப் பாரமாக வைத்திருக்கிறேன். ஒரு மூலைகூட மடங்கவில்லை, வந்து பாருங்கள்.

நேர்முகப் பரீட்சை எந்தத் திகதி என்றா கேட்கிறீர்கள்? எனக்கு எப்படி சார் தெரியும்? அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.