மஞ்சளுக்கு மாறின காரணம்

இல்லம்மா, அந்த நாற்காலி வேணாம், இதுல உக்காருங்க. அது எங்க நாத்தனாரோடது. என் வீட்டுக்காரரோட அக்கா. ஆள் இப்ப ஊர்ல இல்ல, ஆனாலும் அதுல யாரையும் உக்கார விடறதில்ல. காரணமெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மாதான். ஆங், இப்பக் கேளுங்க. உங்க பிரவுசர நல்லா ஓட்டிக்கிட்டு இருந்தவ ஏன் திடீர்னு விட்டுட்டுப் போனேன், அதானே? இதக் கேக்கறதுக்குன்னு கம்பெனியில ஆள் வச்சிருக்காங்களா? பரவாயில்லையே. என் வீட்டுக்காரர் இத்தன வருஷத்துல, ஏன்டி இப்படிப் பண்ணேன்னு அக்கறையா ஒரு வார்த்த கேட்டதில்ல.

வேகமா? வேகத்துல உங்கள அடிச்சிக்க ஆளில்லம்மா. அந்தப் பச்சை வட்டத்தத் தட்டினா வாய மூடறதுக்குள்ள பக்கம் வந்து நிக்கும். இப்ப நான் ஓட்டற இந்த மஞ்சள் பிரவுசர் இருக்கே, தட்டி விட்டுட்டு டீய ஆத்திக் குடிச்சிட்டு வரலாம். அழகா? அதுவும் இல்ல. விளம்பரத் தொல்லையா? ரெண்டுலயும் ஒரே தொல்லைதான். உங்க கையில இருக்கற அந்த நாலு கட்டத்துல இது எதுக்குள்ளயும் அடங்காது. டிக் பண்றத அப்புறம் பண்ணலாம், மொதல்ல டீயக் குடிங்க.

இது பிரிண்ட் எடுக்கற கடை, டிக்கெட் போடற கடை, வேலைக்கு அப்ளிகேஷன் அனுப்பற கடை. ஆனா ஒரே ஒரு சிஸ்டம். அதுக்கு முன்னால ரெண்டு பொம்பளைங்க, நாத்தனாரும் நானும். அவங்க மஞ்சள், நான் பச்சை. அவங்க பக்கம் நான் எட்டிப் பாக்க மாட்டேன், என் பக்கம் அவங்க வர மாட்டாங்க. வீட்டுல அடுப்பு ஒண்ணுதாம்மா, அதுல தகராறே வந்ததில்ல. எல்லாம் இங்கதான்.

ஒரு லிங்கத் தட்டினா எதுல திறக்கணும்னு ஒண்ண டீஃபால்ட்டா வைக்கணுமில்ல, அதுக்குத்தான் போரே. காலையில யாரு முதல்ல வர்றாங்களோ அவங்க தன்னோடத வச்சிடுவாங்க. நான் சாப்பிடப் போற நேரம் பாத்து அவங்க மாத்துவாங்க. அவங்க ஃபோன் பேச வாசலுக்குப் போனா நான் மாத்துவேன். உங்க கம்பெனியில உக்காந்து பாக்கறவங்க, இந்த ஒரு கடை மட்டும் ஏன் பொழுதுக்கும் கட்சி மாறுதுன்னு மண்டையப் பிச்சிக்கிட்டிருப்பாங்க. என்ன சிரிக்கிறீங்க? நெஜமாவே பிச்சிக்கிட்டாங்களா? அய்ய, அது நாங்கதாம்மா!

ஆனா ஒண்ணு, வேலையில அவங்க கெட்டி. கண்ணுல விளக்கெண்ண ஊத்திக்கிட்டுப் பாப்பாங்க. யாராவது இங்க மெயில் திறந்து பிரிண்ட் எடுத்துட்டு அப்படியே எழுந்தா போதும், லாக் அவுட் பண்ணியான்னு ஒரு அதட்டு. அதுக்குன்னே எழுதி ஒட்டியிருக்காங்க பாருங்க, உங்க தலைக்கு மேல. அவங்க கையெழுத்துதான். ஒருநாள் ஒரு வாத்தியார் மறந்துட்டுப் போயிட்டாரு. இவங்க செருப்பக் கூட மாட்டாம பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடி, ஏறப் போன மனுஷனக் கையோட கூட்டிட்டு வந்து லாக் அவுட் பண்ண வச்சிட்டுத்தான் விட்டாங்க. பஸ் போயிடுச்சு. நாமளே பண்ணியிருக்கலாமேன்னு நான் கேட்டதுக்கு, அடுத்தவங்க வீட்டுக் கதவ நாம சாத்தக் கூடாது, அவங்கதான் சாத்தணும்னாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒருநாள் முடி வெட்டறவர் ஒருத்தர் டிக்கெட் போட வந்தாரு. இவங்க மஞ்சள்ல எல்லாத்தையும் போட்டு வச்சிட்டு, பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சேன்னு அதை எடுக்கப் போனாங்க. பணம் கட்டற லிங்க் மெயில்ல வந்துச்சு, நான் தட்டினேன். அன்னிக்கு டீஃபால்ட் பச்சை. அது என்னமோ நீ யாருன்னே தெரியாதுங்கற மாதிரி மறுபடியும் முதல்லேர்ந்து கேட்டுச்சு. சரி போகட்டும்னு நானே முதல்லேர்ந்து போட்டு முடிச்சேன். அவங்க வந்தாங்க, மஞ்சள் அப்படியே நிக்குது. முடிச்சிட்டாங்க. ஒத்த ஆளுக்கு ரெண்டு சீட்டு! அந்த மனுஷன் தங்கம். நான் ஒண்ணுல உக்காந்துக்கறேன், பைய ஒண்ணுல உக்கார வைக்கிறேன்னு சிரிச்சிக்கிட்டே போயிட்டாரு. நாங்கதான் சிரிக்கல. இந்தக் கடையில ரெண்டு பேருக்கு இடமில்லன்னாங்க. இல்லதான்னேன் நானும். அவ்வளவுதான், வெட்டிப் பேச்சு வினையா போச்சு.

அவங்க மக ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டு இருந்தா, கைக்கொழந்தைய வச்சிக்கிட்டு அல்லாடறா. கிளம்பிட்டாங்க. போயிட்டு வர்றேன்னு என்கிட்டச் சொல்லல, பிரிண்டர்கிட்டச் சொன்னாங்க. இனிமே உனக்குப் பேப்பர் மாட்டினா யாரு எடுப்பான்னு அதத் தட்டிக் குடுத்துட்டுப் போனாங்க.

ஃபோனா? யாரு முதல்ல பண்றது? அவங்க பெரியவங்க, அவங்க பண்ண மாட்டாங்க. நான் ரோஷக்காரி, நான் பண்ண மாட்டேன். வீட்டுக்காரர்தான் தினம் பேசுவாரு. எப்படி இருக்காங்கன்னு கேட்டா, நல்லா இருக்காம்பாரு. அது ஒரு பதிலாம்மா? திரும்பி வருவாங்களான்னு கேக்க எனக்கு வாய் வரல. அவருக்குத் தானாச் சொல்லவும் தெரியல.

இங்க என்ன ஆச்சுன்னா, பச்சைய வச்சிட்டுப் போனா மறுநாளும் பச்சைதான் இருக்கு. சாப்பிட்டு வந்து பாத்தாலும் பச்சைதான். மாத்தறதுக்கு ஆளே இல்ல. ஜெயிச்சிட்டேனேன்னு சந்தோஷப்படணுமில்ல? இங்க உக்காந்து அழுதேம்மா. வெக்கமா இருக்கு சொல்ல.

அப்புறம் ஒருநாள் ஏதோ ஒரு ஆபீஸ் பக்கம் பச்சையில திறக்கவே மாட்டேன்னுடுச்சு. கோவிச்சுக்காதீங்க, எப்பவாவது அப்படி ஆகுது. வேற வழியில்லாம அவங்க மஞ்சளத் திறந்தேன். ஓரத்துல வரிசையா ஏதோ தெரியுது. மருமகன் குறட்டைய நிறுத்த வழி. கொழந்த முழிச்சிக்காம மிக்சி ஓட்டறது எப்படி. முட்டி வலிக்கு எந்தப் பக்கம் படுக்கணும். எல்லாம் அவங்க அங்க ஃபோன்ல தேடினது! ஃபோன்லயும் இங்கயும் அவங்க கணக்கு ஒண்ணுதான், அங்க தேடறது இங்கயும் வந்து விழுது. பிரிண்ட் எடுக்க வந்தவங்க பயந்துட்டாங்க, நான் அப்படிச் சிரிச்சேன். முட்டி வலின்னு என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல பாருங்க.

நான் சும்மா இருப்பேனா? முட்டிக்கு நல்ல பயிற்சியா ஒரு வீடியோ தேடி, புக்மார்க் பண்ணி வச்சேன். மறுநாள் பாத்தா அது அங்க திறந்திருக்கு. சரி, தற்செயலா இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன். இங்க பிரிண்டர்ல மை ஒழுகுது என்ன செய்யன்னு மஞ்சள்லயே தேடினேன். சாயங்காலத்துக்குள்ள மை ஒழுகினா துடைக்கிற வழி புக்மார்க்ல வந்து உக்காந்திருக்கு. அதுலேர்ந்து நான் பச்சைப் பக்கம் போகல. இப்ப எழுதிக்கங்க, இதுதான் காரணம். ரெண்டு பேரும் இன்னும் ஒரு வார்த்த பேசல, ஆனா அவங்க என்ன சாப்பிடறாங்க, எப்பத் தூங்கறாங்க, எல்லாம் எனக்குத் தெரியும்.

ஐயோ கைய எடுங்க, எதையும் தட்டாதீங்க! என்ன, ஆபத்தா? யார் வேணா பாக்கலாமா? அவங்க லாக் அவுட் பண்ண மறந்துட்டாங்களா?

அவங்களா? மறந்துட்டாங்களா? உங்க தலைக்கு மேல இருக்கறத இன்னொரு தடவ படிங்கம்மா. செருப்பு மாட்டாம பஸ் ஸ்டாப்புக்கு ஓடினவங்க. கதவச் சாத்தாமத்தான் போயிருக்காங்க, நான் எட்டிப் பாக்கட்டும்னு. இது எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சுது.

வந்ததே வந்தீங்க, ஒரு உதவி பண்ணிட்டுப் போங்க. மஞ்சள டீஃபால்ட்டா வச்சி விடுங்க. இத்தன நாளா நான் வைக்கல, கை போக மாட்டேங்குது, நீங்கன்னா பரவாயில்ல. இன்னிக்குக் காலையில அவங்க என்ன திறந்திருந்தாங்க தெரியுமா? அங்கேர்ந்து இங்க வர்ற பஸ் நேரம். ஒத்த சீட்டு, ஜன்னல் ஓரம். வெள்ளிக்கிழமைக்கு. நாற்காலியத் தொடச்சி வச்சாச்சு.

ஏம்மா, இருங்க, பச்சைய அழிச்சிடாதீங்க! அது ஓரமா இருக்கட்டும். சனிக்கிழமையிலேர்ந்து சண்டை போட வேணாமா?