உரிமையாளர்: 1017

இரவு பதினொன்றரை. பைபாஸ் ரோடு. முன்னும் பின்னும் ஒரு வண்டி கிடையாது. நண்பனின் மைத்துனன் நைட் ஷிப்டுக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தான். பேய் எப்போதும் நண்பனின் மைத்துனனுக்குத்தான் வாய்க்கும். நமக்கெல்லாம் அந்த யோகம் ஏது? சிரிக்காமல் கேளுங்கள்.

எடை மேடையைத் தாண்டினால் ஒரு வளைவு. அங்கே வந்ததும் ஆரஞ்சுத் தோல் வாசனை... அப்போதுதான் உரித்த மாதிரி. சுற்றிலும் பொட்டல் வெளி.

அவன் வண்டியை நிறுத்தவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் தங்கை செத்தது அந்த வளைவில்தான். விளக்கில்லாமல் நின்ற லாரி. மணி இரண்டு நாற்பது. அவள் பையில் எப்போதும் ஓர் ஆரஞ்சு இருக்கும்.

ஆபீஸில் இவன் பெயர் துடைப்பம். காரணம் உண்டு. கிளவுட் என்றதும் அண்ணாந்து பார்க்காதீர்கள். எவனோ ஒருவனுடைய கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர், அவ்வளவுதான். இவர்கள் எடுத்தது ஒன்று, உள்ளே நாற்பது பேர். அதில் டெம்ப் என்று ஒரு பொது ஃபோல்டர். பஸ் ஸ்டாண்டு பெஞ்சு மாதிரி யார் வேண்டுமானாலும் மூட்டையை வைக்கலாம். ஆனால் ஒரு பூட்டு உண்டு: அவரவர் வைத்ததை அவரவர்தான் எடுக்கலாம். மிஞ்சிக் கிடப்பதை ராத்திரியில் கூட்டித் தள்ளுவதும், பூட்டைப் பார்த்துக்கொள்வதும் துடைப்பத்தின் வேலை.

தங்கைக்கும் அதே ஆபீஸ், அதே மெஷின். ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனை முடிவுகளை நோயாளிகளுக்கு மெயிலில் அனுப்பும் புரோகிராம் அவளுடையது. யாருக்கு எந்த முகவரி என்ற பட்டியலை அது டெம்ப்பில் வைக்கும். பத்து நிமிஷம் கழித்து அதைப் பார்த்து அனுப்பும்.

"பொது இடத்துல வைக்கிறியே, பயமா இல்ல?" என்று ஒருமுறை கேட்டான்.

"அதான் பூட்டு இருக்கே. பூட்டுக்கு நீ இருக்கே. அப்புறம் என்ன?"

இவர்களுக்கு மேலே ஒருவர். மேகக் கட்டமைப்பு உத்திகளுக்கான உலகளாவிய முதுநிலைத் துணைத் தலைவர். பதவி விசிட்டிங் கார்டின் பின்பக்கம் வரை ஓடும். எல்லோரும் மேகம் என்பார்கள். இடி நிறைய இடிக்கும். ஒரு சொட்டு மழை கிடையாது.

ஒருநாள் மேகம் விருந்தாளிகளுக்குப் பெரிய திரையில் படம் காட்டினார். நடுவில், டெம்ப்பில் கிடந்த யாருடையதோ ஒரு பழைய ஃபைலை அழிக்கப் போனார். 'அனுமதி இல்லை' என்றது மெஷின். பிறந்ததிலிருந்து அவர் கேட்டிராத வார்த்தை.

"எனக்கே இல்லையா? எடுங்க அந்தப் பூட்டை!"

துடைப்பம் எடுத்தான். ஒரு வரிக் கட்டளைதான். சாயங்காலம் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தான். மறந்துபோனான்.

அன்று ராத்திரி, நாற்பது பேரில் யாரோ ஒருவன், தங்கையின் பட்டியலை எடுத்துப் போட்டுவிட்டு அதே பெயரில் வேறொரு பட்டியலை வைத்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய நோய்கள் ஊர்பேர் தெரியாத ஒரு முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது.

விஷயம் காதில் விழுந்ததும் துடைப்பம் செய்த முதல் வேலை, பூட்டைத் திரும்பப் போட்டது. இரண்டாவது வேலை, அதை எடுத்ததும் போட்டதும் மெஷினில் பதிவாகியிருந்த தடத்தைக் கூட்டித் தள்ளியது.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அப்போதுதான் பகல் என்பதால் விசாரணை நள்ளிரவில் நடந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. அப்படியென்றால் பட்டியலை மாற்ற ஒருத்தியால்தான் முடியும். மேகம் நம்பிக்கையைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார், ஸ்லைடுகளுடன்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, நீ சொல்லு. நேத்து பூட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

ஒரே வார்த்தை. பாதி உரித்த ஆரஞ்சை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள்... அப்புறம் அந்த வளைவு.

வீட்டில் அம்மா. இரண்டு கண்ணிலும் புரை. பேப்பரோ, கரண்ட் பில்லோ, மருந்துச் சீட்டோ, எல்லாம் மகள் படித்துக் காட்டித்தான் அவளுக்குத் தெரியும். "போனவ மானத்தையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிட்டா" என்றாள் ஒருநாள். மகளின் படத்தை மாட்டவில்லை. அது பீரோவில், பழைய துணிக்கு அடியில் கிடந்தது. துடைப்பம் ஆணியை வாங்கி வைத்திருந்தான். வாயைத் திறக்கவில்லை.

தங்கையின் அக்கவுண்டை அந்த வாரமே அழித்துவிட்டார்கள். அக்கவுண்ட் அழிந்தால் பெயர் போய்விடும். விட்டுப்போன ஃபைல்களில் உரிமையாளர் என்ற இடத்தில் வெறும் எண் மட்டும் நிற்கும். அவளுடையது 1017. அந்த மிச்சத்தையும் அவனேதான் கூட்டித் தள்ளினான். ஒவ்வொன்றாக.

ஏழு மாதம் போயிற்று. ஒருநாள் ராத்திரி டெம்ப்பில் புதிதாக ஒரு ஃபைல். உருவான நேரம் இரண்டு நாற்பது. உள்ளே ஒன்றுமில்லை. உரிமையாளர்: 1017. ஃபைலின் பெயர், 'பூட்டு இருந்துச்சா'.

அழித்தான். மறுநாளும் வந்தது. அழித்தான்... வந்தது. எந்த புரோகிராம் வைக்கிறது என்று ஒரு வாரம் தேடினான். எதுவும் வைக்கவில்லை.

டேட்டாபேஸ் பார்க்கும் அக்கா பக்கத்து நாற்காலி.

"அக்கா, செத்தவங்க அக்கவுண்ட்ல ஃபைல் வருமா?"

"உசுரோட இருக்கறவனே ஒரு ஆக்ஸஸுக்கு மூணு நாள் தொங்கறான். செத்தவங்களுக்கு எவன்டா உடனே குடுத்தான்? அவன் பேரைச் சொல்லு, எனக்கும் வேலை ஆகணும்."

சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "அழிக்காதடா" என்றாள். "கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லு."

நான் சொன்ன அந்த பைபாஸ் ராத்திரி, அதற்கு மறுநாள். ஷிப்டுக்குப் போனதும் டெம்ப்பில் தன் பெயரில் ஒரு ஃபைல் திறந்தான். எல்லாவற்றையும் எழுதினான். மேகம் சொன்னது, எடுத்தது, மறந்தது, போட்டது, துடைத்தது, அந்த ஒரு வார்த்தை. கடைசி வரியில் 'என்னை மன்னிச்சிடு'. காலையில் அச்சடித்து ஒன்றை மேகத்தின் மேஜையில் வைக்க வேண்டும். இன்னொன்றை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இரண்டு நாற்பது.

ஏசி நின்றது. அந்த நிசப்தத்தில், தங்கையின் பழைய இடத்தில்... டக், டக். ஸ்பேஸ் பாரை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் அவள் வேலை தொடங்குவாள். அந்த நாற்காலியில் யாரும் இல்லை. ஆரஞ்சுத் தோல் வாசனை.

திரையைப் பார்த்தான். அவன் எழுதிய ஃபைல்தான். உரிமையாளர்: 1017. படிக்க உரிமை: உரிமையாளருக்கு மட்டும். திறந்து பார்த்தான். அந்த மெஷினின் எல்லாச் சாவியும் அவன் கையில். 'அனுமதி இல்லை' என்றது.

அச்சடிக்க எதுவும் இல்லாமல் விடியற்காலையில் வீட்டுக்கு வந்தான். கதவு திறந்திருந்தது. சுவரில் தங்கையின் படம், அவன் வாங்கி வைத்திருந்த ஆணியில். அம்மா அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அம்மா... அன்னைக்கு அந்தப் பூட்டு..."

"தெரியும்டா." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "ராத்திரி வந்து படிச்சுக் காட்டிட்டா. நிறுத்தி நிதானமா, எப்பவும் போல."

அவன் வாசலிலேயே நின்றான்.

"எல்லாத்தையும் படிச்சா. கடைசி வரி மட்டும் படிக்க மாட்டேன்னு காகிதத்தை மடிச்சுக்கிட்டா. எவ்வளவோ கேட்டும் படிக்கல..." அம்மா புரை விழுந்த கண்ணை அவன் பக்கம் திருப்பினாள். "அதுல என்னடா எழுதியிருந்தே?"