இடக்கை டாக்டரம்மாவுக்கு

பிறவாத பிள்ளைகளின் முதல் மூச்சுக்கும் முன்னதாகவே காவல் நின்ற கருணையே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் ஸ்கேன் அறையின் மங்கிய ஒளியில் மாறாத அன்போடு அமர்ந்திருந்து, இன்று ஓய்வு பெறும் மருத்துவரம்மா! வணங்குகிறோம்.

தாயின் வயிற்றில் கருவியை வைத்ததும் உங்கள் இடக்கையை உயர்த்தி, திரையில் குழந்தை கிடக்கும் வாகுக்கு அதைத் திருப்பிப் பார்ப்பீர்கள். குழந்தையின் இடப்பக்கம் எதுவென்று உறுதியான பிறகுதான் மற்றதெல்லாம். அதை நடித்துக் காட்டிச் சிரித்தவர்கள் நாங்கள். "இடக்கை டாக்டரம்மா" என்று பெயர் வைத்ததும் நாங்களே.

அதிகம் சிரித்தவர் எங்கள் மூத்த டெக்னீஷியன். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிய இடைவேளையில், ஐந்து மாதக் கர்ப்பமாயிருந்த நம் வரவேற்பு மேசையில் இருக்கும், நாமெல்லாம் தங்கை என்றழைக்கும் பெண்ணுக்கு அவர் ஸ்கேன் எடுத்தார். குழந்தையின் இதயம் வலப்பக்கம் தெரிந்தது. கருவியை மாற்றிப் பிடித்துவிட்டோம் என்றெண்ணித் திருப்பிக்கொண்டார். திரையில் இதயம் இடப்பக்கம் வந்தது. "இயல்பு" என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

மறுமுறை பார்க்காமல் எந்த அறிக்கையிலும் நீங்கள் கையெழுத்திட்டதில்லை. அன்று மாலை உங்கள் இடக்கை திரைமுன் உயர்ந்து, அப்படியே நின்றது.

"இரைப்பை இடது பக்கம்தான் இருக்கு. இதயம் மட்டும் தள்ளிப் போயிருக்கு."

இடது நுரையீரலில் வெளிறிய கட்டியொன்று இதயத்தை வலப்பக்கம் நெருக்கிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் அருகில்தான் நின்றிருந்தார். நீங்களோ அவரைத் திரும்பியும் பாராமல் தங்கையிடம் சொன்னீர்கள்: "முதல் தடவை நாங்க சரியாப் பார்க்கலம்மா. இனிமே வாராவாரம் நானே பார்க்கிறேன்."

பார்த்தீர்கள். ஒரு வாரமும் தவறவில்லை. குழந்தை பிறந்த அறையில் மூச்சுக்கருவியோடு அறுவை மருத்துவர் தயாராக இருந்தார். கட்டி அகற்றப்பட்டது. இன்று அந்தச் சிறுமி நம் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, நம்மையெல்லாம் மூச்சிரைக்க வைக்கிறாள்.

பிழை எப்படி நேர்ந்ததென்று ஒருவரிடமும் நீங்கள் சொல்லவில்லை. நேற்று இம்மடலை டெக்னீஷியன் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது தங்கைதான். "எங்களில் ஒருவர்" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "அதை அழிச்சுடும்மா. அது நான்தான்." பிறகு, இதயத்தை வலப்பக்கம் கண்டும் கருவியைத் திருப்பிக்கொண்டது வரை, தங்கை அறியாத எல்லாவற்றையும் சொன்னார்.

தங்கையின் விரல்கள் விசைகளின் மேல் நெடுநேரம் அசையவில்லை. பிறகு, கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் தங்கை கேட்டார்:

"சொல்லுங்கண்ணா, அடுத்த வரி என்ன?"

அடுத்த வரி இதுதான் அம்மா: எங்களுக்குப் பிழை பொறுக்கக் கற்றுக்கொடுத்த உங்களுக்கு இறைவன் நீண்ட ஆயுளும் நோயற்ற உடலும் நிறைந்த மூச்சும் அருளட்டும்.

இப்போதெல்லாம் இடக்கையை உயர்த்தாமல் ஒரு வரியும் எழுதாத,
உங்கள் ஸ்கேன் அறை ஊழியர்கள்